ஜன்னல் பக்கத்து மேசை

சோப்புப் பட்டதும் சட்டையின் மார்பில் இருந்த மஞ்சள் கறை குப்பென்று சிவந்தது. பின்பக்கக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்து அசரவில்லை. நிலைப்படியில் நின்ற மகள்தான் பதறிப்போனாள்.

"அம்மா, ரத்தமா அது?"

"ரத்தமில்லடி, மஞ்சள். சோப்பு பட்டா அப்படித்தான் செவக்கும். வெயில்ல போட்டா தானா வெளுத்துரும்."

"இப்ப போய் இதைத் துவைக்கணுமா? அப்பாவ அனுப்பிட்டு வந்து செருப்பக் கூடக் கழட்டல நீ."

"துவைக்கல. நனைச்சு வைக்கறேன். இனியும் விட்டா பிடிச்சுக்கும்."

காலையில்தான் மின்தகன மேடையில் அவரை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தாயும் மகளும், சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்த இரண்டு பேரும், அவ்வளவுதான் கூட்டம். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்த அவருடைய உடுப்பை நேற்றெல்லாம் தொடத் துணிவு வரவில்லை. இன்று வந்த கையோடு பையைப் பிரித்துவிட்டாள்.

வாழ்நாளில் பாதியை ஓட்டல்களின் அழுக்குத் துணியோடு கழித்தவள் அவள். மேசை விரிப்பை உதறினால் போதும், அந்த மேசையில் குழந்தை உட்கார்ந்ததா, கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்துபோனவர் உட்கார்ந்தாரா என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். கூட வேலை செய்யும் பெண்கள் அவளை 'ஜோசியக்காரி' என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவள் இந்தச் சட்டையையும் படித்தாள். மேலிருந்து கீழே வழிந்த குழம்பு. பொத்தானுக்கு அடியில் ஒட்டிக் காய்ந்த இரண்டு பருக்கை. சட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், அப்படியே சாய்ந்திருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

"வேலையில இருக்கும்போதே போயிட்டாருடி. யாருக்குக் கிடைக்கும் அப்படி" என்றாள்.

மகள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "கார் அனுப்பறேன்னாராம் உன் கொழுந்தன். வந்து நிக்குது" என்றாள்.

"சித்தப்பான்னு சொல்லு."

"தகன மேடைக்கு வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"சமையலைப் பாதியில விட்டுட்டு எப்படிடி வருவான்? அப்பாவுக்காக இன்னைக்குப் போடற சாப்பாட்டுக்குத்தானே கூடத்து அடுப்புல நிக்கறான்." சட்டையை நீருக்குள் அமுக்கி, மேலே எழும்பாமல் ஒரு கல்லை வைத்துவிட்டு எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. எப்போதும் அந்தச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து அவருடைய கேலி ஒன்று வரும். இன்று வரவில்லை.

அந்தக் கொழுந்தனின் முகம் தெரியாதவர்கள், அவர்கள் பிழைக்க வந்த அந்த நாட்டில் குறைவு. பெரிய ஓட்டல்கள், டிவி நிகழ்ச்சி, அவன் படம் போட்ட மசாலாப் புட்டி எல்லாம் உண்டு. அதையெல்லாம்விட அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது அவன் நடத்துகிற இலவசச் சாப்பாட்டுக்கூடம். கடல் கடந்து வெறுங்கையோடு வந்து சேர்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிற இடம். அங்கே யாரிடமும் பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. சாப்பிட வருகிற எல்லாரும் 'விருந்தாளி'. அதை அங்கே சுவரிலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த வழக்கம் எப்படி வந்தது என்று அவன் டிவியில் சொல்லாத நாள் இல்லை. "இந்த நாட்டுல வந்து எறங்கினப்ப எனக்குன்னு ஒருத்தர் கிடையாது. பஸ் நிலையத்துல பசியோட உக்காந்திருந்தேன். முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்து, பொட்டலத்தைப் பிரிச்சுக் குடுத்தார். பேர் கேட்டேன். பேர் எதுக்கு, சாப்பிடுன்னார்." இந்த இடத்தில் அவன் கண் கலங்கும். பார்க்கிறவர்களுக்கும் கலங்கும்.

நடந்தது வேறு. அந்த ஒருத்தர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். தம்பி வருகிறான் என்று சலவை வேனை அழுக்கு மூட்டைகளோடு அப்படியே பஸ் நிலையத்துக்குத் திருப்பிக்கொண்டு போனவர். பொட்டலம் அவள் கட்டிக் கொடுத்தது. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், வீட்டில் இருந்ததையெல்லாம் போட்டுக் கிளறிய ஒரு பண்டம். தம்பி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்குப் பேர் என்னண்ணா?" என்று கேட்டிருக்கிறான். "பேர் எதுக்குடா, சாப்பிடு" என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து மூன்று பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவன் அவர்கள் வீட்டிலேயே இருந்து, அண்ணன் வேனில் துணி போட்டுவந்த ஓட்டல் ஒன்றிலேயே காய் நறுக்கச் சேர்ந்து, கல்யாணம் ஆகிற வரைக்கும் அவள் கையால்தான் சாப்பிட்டான். அவனுடைய முதல் சமையல்காரச் சட்டையைத் தினமும் அலசி, கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்ததும் அவள்தான். வாசலில் நுழையும்போதே, "கழட்டிக் குடு தம்பி, காயறதுக்குள்ள" என்பாள்.

முதல்முறை டிவியில் அந்தக் கதையைக் கேட்டபோது அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. அவர்தான் சமாதானம் சொன்னார். "கதைக்கு அப்படிச் சொன்னாத்தான் எடுபடுமாம். விடு. அதை வெச்சு நாலு பேர் சாப்பிடறாங்கல்ல."

விட்டாள். ஆனால் சும்மா விடவில்லை. கண் மங்கி அவர் வேன் ஓட்டுவதை நிறுத்தியபோது, அவளே கொழுந்தனுக்கு போன் போட்டாள். "தம்பி, உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. அண்ணன் வீட்டுல உக்காந்தா ஒடிஞ்சு போயிருவார். உன் கூடத்துல ஒரு வேலை குடு. சம்பளம் வேண்டாம். உன் பக்கத்துல நிக்கட்டும்." அவன் உடனே, "என்ன அண்ணி இது, வரச் சொல்லுங்க. கையில கத்தியைக் குடுத்து வெங்காயம் நறுக்க வெச்சுடறேன்" என்றான்.

மறுநாள் போகத் தொடங்கியவர் ஒரு நாள் தவறவில்லை. பகலெல்லாம் அவள் சலவைக்கூடத்தில் நிற்பாள். அவர் மத்தியானம் கூடத்துக்குப் போய்விட்டு, சாயங்காலம் அவள் வருவதற்குள் வந்திருப்பார். வந்ததும் கதைதான். அங்கே அடுப்படியை ஆளுகிற அம்மாளுக்கு அவர் 'தளபதி' என்று பேர் வைத்திருந்தார். தளபதி இன்று யாரை விரட்டினாள், கரண்டியால் பாத்திரத்தைத் தட்டி எப்படிக் கூப்பிட்டாள், வெங்காயம் நறுக்குகிற ஆள் அழுதுகொண்டே எப்படிப் பாடினான் என்று நடித்துக் காட்டுவார். "உங்களுக்குக் கண்ணு எரியலையா?" என்று கேட்டால், "வாய்ல தண்ணிய வெச்சுக்கணும்டி, அது ஒரு வித்தை" என்பார். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள்.

கேளுங்கள், இத்தனை கறை பார்த்தவள் ஒன்றைப் பார்க்கவில்லை. அடுப்படியில் நிற்கிறவன் சட்டை வயிற்றுப் பக்கம்தான் முதலில் கெடும். நறுக்குகிற மேசையின் விளிம்பு படுகிற இடம் அது. அவருடைய சட்டைகளில் அந்த இடம் வெள்ளைவெளேரென்று இருந்தது. முழங்கைதான் நைந்தது. 'என் வீட்டுக்காரர் சுத்தக்காரர்' என்று பெருமைப்பட்டுக்கொண்டே முழங்கைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

*

கூடத்து வாசலில் கார் நின்றபோது வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டிருந்தது. எல்லாரும் கையில் ஆளுக்கொரு பூ வைத்திருந்தார்கள். "பாருடி, உங்கப்பாவுக்கு எத்தனை பேர்" என்றாள்.

உள்ளே நீள நீளமான மேசைகள். முன்னால் ஒரு சின்ன மேடை. மேடையில் மாலை போட்டு ஒரு படம். அவள் கொடுத்தனுப்பிய படம் இல்லை அது. தட்டு ஒன்றை ஏந்திய இரண்டு கைகள் மட்டும் அதில் இருந்தன. விரல் கணுக்களைப் பார்த்ததுமே அவர் கை என்று தெரிந்தது. முகம் இல்லை.

"நான் நல்ல படமா பாத்துக் குடுத்தேனே" என்றாள்.

கூடத்தின் பொறுப்பாளப் பெண் ஒருத்தி, கையில் போனோடு, மிகவும் பணிவாக வந்தாள். "குடுத்தீங்கம்மா. ஆனா விருந்தாளிங்க முகத்தை நாங்க எப்பவும் போடறதில்ல. அவங்க மரியாதைக்காக. செஃப் அதுல ரொம்பக் கண்டிப்பு."

படத்துக்குக் கீழே அந்த நாட்டு எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. மகள் அதைப் படித்துவிட்டு நிமிரவே இல்லை.

"என்னடி போட்டிருக்கு?"

"எங்கள் நெடுநாள் விருந்தாளிக்குன்னு போட்டிருக்கும்மா."

"தப்பா அடிச்சிட்டாங்க போல" என்றாள் அவள். பொறுப்பாளப் பெண்ணைப் பார்த்து, "அவர் விருந்தாளி இல்லம்மா, இங்க உள்ள வேலை பாத்தவர். கூட்டத்துல உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சமையக்கட்டு எங்க இருக்கு? அவர் நின்ன இடத்த ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றாள்.

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

சமையலறை ஆவியும் சத்தமுமாக இருந்தது. நடுவில் கட்டையும் குட்டையுமான ஒரு அம்மாள் நின்று கரண்டியால் பாத்திர விளிம்பைத் தட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவே வேண்டாம், தளபதிதான். அவளைப் பார்த்ததும், வந்த இடம் மறந்து, இவளுக்குச் சிரிப்புகூட எட்டிப் பார்த்தது.

"உங்களைப் பத்தி எவ்வளவு சொல்லியிருக்கார் தெரியுமா" என்று போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் எந்த இடத்துல நின்னு நறுக்குவார்? அந்த மேசையா?"

அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு விழித்தாள். "யாரும்மா?"

"என் வீட்டுக்காரர். இன்னைக்கு படம் வெச்சிருக்கே, அவர்தான்."

"அந்தப் பெரியவரா?" அம்மாள் குரல் இறங்கியது. "நல்ல மனுஷன். சாப்பிட்டுட்டுத் தட்டைத் தானே கழுவி வெச்சுட்டுப் போவார். ஆனா அவர் உள்ள வந்ததில்லயேம்மா. இங்க வெளியாளை விடறதில்ல. நறுக்கறது பூரா இந்தப் பையன்தான்." வெங்காய மேசையில் நின்றவன் தலை நிமிர்ந்தான். கண்ணில் நீர். வெங்காயத்து நீர்.

"நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்கம்மா. கொஞ்ச நாளா இல்ல, ரொம்ப நாளா வந்துட்டிருந்தார்."

"தெரியும்மா. தினமும் வருவார். வரிசையில வருவார்."

பிடித்திருந்த கையை அவள் விட்டாள். விட்டது அந்தம்மாளுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும், "தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள்.

வெளியே வந்தபோது ஒரு ஆள் அவளுக்காகக் காத்து நின்றான். கட்டடக் கூலி போல, காலணியில் காய்ந்த சிமெண்ட். தலை பளபளவென்று இருந்தது.

"அண்ணியா? எல்லாரும் என்னைய மொட்டைன்னு கூப்பிடுவாங்க. அண்ணன் வெச்ச பேருதான். நானும் அவரும்தான் ஜன்னல் பக்கத்து மேசை. முந்தாநாள் எனக்கு முன்னாடிதான் நின்னார். தட்டுல வாங்கிட்டுத் திரும்பினார், அப்படியே என் மேல சாஞ்சுட்டார். குழம்பெல்லாம் அவர் மேலயே கொட்டிருச்சு." அவன் பூவைக் கை மாற்றிக்கொண்டான். "சூடா இருந்துச்சு அண்ணி. ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

அவள் கண்ணுக்கு முன்னால் அந்தச் சட்டை விரிந்தது. மேலிருந்து கீழே வழிந்த குழம்பு. இரண்டு பருக்கை. சட்டி இல்லை, தட்டு.

"உங்க செஃப் அவர்கிட்டப் பேசுவாரா?" என்று கேட்டாள்.

"பேச்செல்லாம் கிடையாது. செஃப் பரிமாற வர்ற நாள்ல, எங்களுக்கெல்லாம் ஒரு கரண்டி. அண்ணன் தட்டுக்கு மட்டும் ரெண்டு. ஏன்னு கேட்டா, வயசானவனைப் பாத்து பாவப்படறார்டான்னு சொல்வார் அண்ணன். அன்னைக்குப் பூராச் சந்தோஷமா இருப்பார்."

*

கொழுந்தன் அரிசி மூட்டை அடுக்கிய அறையில் தனியாக நின்றிருந்தான். வெள்ளைவெளேரென்ற சமையல்காரச் சட்டை, மார்பில் கூடத்தின் சின்னம். அவளைப் பார்த்ததும், "அண்ணி" என்று வந்து தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். அது நடிப்பில்லை. அவனை வளர்த்தவளுக்கு அது தெரியும். கை தானாக அவன் முதுகுக்குப் போனது. பாதியில் நின்றது.

"தம்பி, கத்திய அவர் கையில குடுக்கறேன்னு சொன்னே."

அவன் நிமிர்ந்தான். மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூடத் தேவலை.

"முதல் நாள் உள்ளதான் கூட்டிட்டுப் போனேன் அண்ணி. அன்னைக்குப் போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நின்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அதே மூக்கு, அதே காது. இது யார்னு ஒருத்தன் கேட்டான். எனக்கு வாய் வரல. அண்ணாதான் சட்டுனு வெளிய போய் வரிசையில நின்னுட்டார். நான் போகச் சொல்லல அண்ணி. சத்தியமா."

"உள்ள வரச் சொன்னியா?"

அவன் அரிசி மூட்டையைப் பார்த்தான். "அங்க இருக்கறது பத்திரம்னு தோணுச்சு. வரிசையில நிக்கறவங்க முகத்த யாரும் பாக்கறதில்ல."

அறைக்கு வெளியே மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

"அந்தக் கதைய நம்பித்தான் அண்ணி ஊர்ல உதவி பண்றாங்க. அண்ணன் வீட்டுல வளர்ந்தவன்னு இப்பப் போய்ச் சொன்னா, ஏமாத்திட்டான்னுவாங்க. கூடத்தை மூடிட்டா இத்தனை பேர் எங்க போவாங்க? அண்ணாவே சொன்னார், விடுடா, நாலு பேர் சாப்பிடட்டும்னு."

"அவர் சொல்வார். உன்னைக் காப்பாத்தறதைத் தவிர அவருக்கு வேற என்ன வேலை." அவள் மூட்டையில் கை ஊன்றிக்கொண்டாள். "என்கிட்டக்கூட உன்னைக் காப்பாத்திட்டார் பாரு. தினமும் வந்து வெங்காயம் நறுக்கின கதை சொன்னார். நானும் உக்காந்து கேட்டேன்."

அதைச் சொன்னபோதுதான் எது அதிகம் வலிக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. மூட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். இதுக்கப்புறம் எதுவும் கேக்க மாட்டேன். மேடையில ஏறி அவர் உனக்கு யாருன்னு சொல்லு. அண்ணன்னு சொன்னாப் போதாது. இங்க மொட்டையும் அவரை அண்ணன்னுதான் கூப்பிடறான். கூடப் பிறந்தவர்னு சொல்லணும். ஒரு தடவை. வாங்கிக் குடிச்ச தண்ணிக்குக்கூட நாம நன்றி சொல்றோம், தம்பி."

அவன் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "சொல்றேன் அண்ணி" என்றான்.

*

கூடம் நிரம்பியிருந்தது. கேமராவில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. கொழுந்தன் முதலில் அந்த நாட்டு மொழியில் நெடுநேரம் பேசினான். பஸ் நிலையம் வருகிற இடத்தில் அவன் குரல் எப்படி இறங்கும் என்று அவளுக்கு மனப்பாடம். மொழி சரியாக விளங்காமலே அந்த இடம் வந்துவிட்டதென்று தெரிந்துகொண்டாள். முன்வரிசையில் நல்ல உடுப்புப் போட்ட ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள்.

பிறகு நம் மொழிக்கு வந்தான்.

"பேர் கேக்காம சோறு போடறது இந்தக் கூடத்தோட வழக்கம். அதனால இன்னைக்கும் அவர் பேரை நான் சொல்லப் போறதில்ல. ஆனா ஒண்ணு சொல்லணும்." அவன் கண் அவளைத் தேடி வந்து நின்றது. அவள் மடியில் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டாள்.

"தட்டோட வந்து என் முன்னால நிக்கற அந்தப் பெரியவர் எனக்கு யாரோ இல்ல. அவர் எனக்கு" என்று நிறுத்தினான். முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கேமராவின் சிவப்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. "என் கூடப் பிறந்த அண்ணன் மாதிரி."

கூடம் உருகிப்போனது. மொட்டைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பொறுப்பாளப் பெண் மேடை ஓரத்தில் கைகூப்பி நின்றாள். அத்தனை பேருக்கு நடுவில் இரண்டு பேர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டுக்குப் போலாம்மா" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சாப்பிட்டுட்டுப் போலாம்."

"இங்கயா?"

"உங்கப்பா இங்கதானடி சாப்பிட்டார்."

உட்கார்ந்த இடத்துக்கே தட்டைக் கொண்டுவருவதாகச் சொல்லிப் பொறுப்பாளப் பெண் ஓடி வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவள் அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில், மொட்டைக்குப் பின்னால் நின்றாள். மொட்டை பதறி வழிவிடப் பார்த்தான். "நில்லுப்பா, முறைப்படி போவோம்" என்றாள்.

கொழுந்தன்தான் பரிமாறிக்கொண்டிருந்தான். தட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் போட்டவன், அவள் தட்டு வந்ததும் கையை வைத்தே கண்டுகொண்டான். சலவைச் சோடாவிலும் வெந்நீரிலும் ஊறிச் சுருங்கின கை. நிமிர்ந்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்தில் கேமரா இருந்தது.

சோற்றின் மேல் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினான். மறுபடி பாத்திரத்துக்குள் விட்டு, இரண்டாவது கரண்டியை நிறைய மொண்டு கொண்டுவந்தான்.

"போதுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவனை அவள் 'நீ' என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். கரண்டி பாதிவழியில் சாய்ந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். குழம்பு அவன் சட்டையின் மார்பில் கொட்டி, பொத்தான் வழியாகக் கீழே இறங்கியது.

ஜன்னல் பக்கத்து மேசையில் மொட்டை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதுதான் அண்ணி, அவர் இடம்" என்றான். எதிரில் மகள் வந்து உட்கார்ந்தாள். அவளும் உட்கார்ந்து முழங்கையை மேசையில் ஊன்றினாள். மரம் அங்கே வழவழவென்று இருந்தது.

ஜன்னல் என்றால் தெருவைப் பார்த்த ஜன்னல் இல்லை அது. சமையலறையிலிருந்து பாத்திரம் நகர்த்துகிற திறப்பு. அதன் வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது. தளபதி கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். வெங்காயக்காரன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதையோ முணுமுணுவென்று பாடினான். அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணுவதைக்கூட அவர் அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறார்.

திறப்புக்கு இந்தப் பக்கம் கொழுந்தன் நின்ற இடத்திலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதையோ எதிர்பார்க்கிற பார்வை. பச்சைத் தண்ணீரில் உடனே அலசினால் போகும், சோப்பு மட்டும் படக்கூடாது. அவளுக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவன் குனிந்து, மேசை துடைக்கிற சோப்புத் துணியை எடுத்து மார்பில் வைத்துத் தேய்த்தான். மஞ்சள் குப்பென்று சிவந்தது. பயந்துபோய் இன்னும் அழுத்தித் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க அது அகலமாகிக்கொண்டே போனது.

அவள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"உப்பு இருக்காம்மா?" என்றாள் மகள்.

"சரியா இருக்கு. சாப்பிடு" என்றாள்.